அணுகுண்டு பிறந்ததும் விழுந்ததும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் ஹிரோஷிமா பற்றிய பேச்சு எழும்போது அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றும். சொல்ல உட்கார்ந்தால் முடிவதில்லை. 1938 டிசம்பரில் பெர்லின் ஆய்வகம் ஒன்றில் தொடங்கி 1945 ஆகஸ்டில் இரண்டு ஊர்களின் தலையில் விழுந்த கதை இது. நிறுத்தியிருக்கக்கூடிய இடங்கள் அதன் வழியெங்கும் இருந்தன. நின்று யோசித்தவர்களும் சிலர் இருந்தார்கள். அவர்களைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். அவர்களையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

ஐன்ஸ்டீன்தானே அணுகுண்டைக் கண்டுபிடித்தார்?

இல்லை. அவர் செய்தது ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டது. நிறையும் ஆற்றலும் ஒன்று மற்றொன்றாக மாறும் என்ற அவருடைய சமன்பாடு, அணு உடையும்போது எவ்வளவு ஆற்றல் வரும் என்று கணக்கிட உதவும். அணுவை எப்படி உடைப்பது என்று அது சொல்லாது.

கடிதத்துக்குப் பின்னால் இருந்தவர் ஹங்கேரியில் பிறந்த யூதரான லியோ சிலார்ட். ஒரு நியூட்ரான் ஓர் அணுவை உடைத்து இரண்டு நியூட்ரான்களை வெளியேற்றினால், அந்த இரண்டும் இன்னும் இரண்டு அணுக்களை உடைத்தால் என்ன ஆகும் என்று 1933-லேயே லண்டனில் யோசித்தவர் அவர். அடுத்த ஆண்டு அதற்குக் காப்புரிமை கேட்டார். பிறகு விஷயம் வெளியே போகக் கூடாது என்று அதைப் பிரிட்டிஷ் கடற்படையிடம் ஒப்படைத்தார். 1939-இல், ஹிட்லரின் கையில் இது கிடைத்துவிடுமோ என்ற பயத்தில் ஐன்ஸ்டீனைத் தேடிப் போனார். ஆகஸ்ட் 2 தேதியிட்ட அந்தக் கடிதம் அக்டோபர் 11 அன்றுதான் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் வாசித்துக் காட்டப்பட்டது. ஐன்ஸ்டீனை அமெரிக்க ராணுவம் இந்த வேலையின் பக்கமே விடவில்லை. அவருடைய அரசியல் கருத்துகளைக் காரணம் காட்டி அனுமதி மறுத்தது. அந்தக் கையெழுத்தைத் தன் வாழ்வின் பெரிய பிழையாக அவர் கடைசிக் காலத்தில் நினைத்தார்.

அப்படியானால் அணுக்கருப் பிளவைக் கண்டுபிடித்தது யார்?

பாடப்புத்தகத்தில் ஓட்டோ ஹான், ஸ்ட்ராஸ்மன் என்ற இரண்டு பெயர்கள் இருக்கும். யுரேனியத்தின்மேல் நியூட்ரானைச் செலுத்தியபோது பேரியம் கிடைத்ததை அவர்கள் பார்த்தது உண்மை. ஏன் கிடைத்தது என்று அவர்களுக்குப் புரியவில்லை. ஹான் கடிதம் எழுதிக் கேட்டது லிசே மைட்னரிடம். முப்பது ஆண்டுகள் அவரோடு சேர்ந்து வேலை செய்தவர். யூதர் என்பதால் 1938 ஜூலையில்தான் ஜெர்மனியை விட்டுத் தப்பி ஸ்வீடனுக்குப் போயிருந்தார்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவருடைய சகோதரி மகன் ஓட்டோ ஃபிரிஷ் வந்திருந்தார். இருவரும் பனியில் நடக்கப் போனார்கள். விழுந்து கிடந்த ஒரு மரத்தின்மேல் உட்கார்ந்து, கையில் இருந்த தாளில் கணக்குப் போட்டார்கள். ஒரு நீர்த்துளி இடுப்புச் சிறுத்து இரண்டாகப் பிரிவதுபோல் யுரேனியத்தின் கரு பிரிகிறது. ஒவ்வொரு பிளவிலும் சுமார் 20 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிவருகிறது. பிளவு என்ற பெயரையும் ஃபிரிஷ்தான் வைத்தார்.

வேதியியல் நோபல் ஹானுக்கு மட்டும் போயிற்று. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு: அணுகுண்டு வேலையில் சேரும்படி அழைப்பு வந்தபோது மைட்னர் மறுத்துவிட்டார். குண்டோடு தனக்கு எந்தச் சம்பந்தமும் வேண்டாம் என்றார். நாட்டையும் வேலையையும் நாஜிகளிடம் இழந்த ஒருவர் சொன்ன மறுப்பு அது.

யுரேனியம் பல நாடுகளில் கிடைக்கிறதே, அமெரிக்காவால் மட்டும் எப்படி முடிந்தது?

மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் குண்டுக்கு உதவும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம். மீதி ஏறத்தாழ முழுவதும் யுரேனியம்-238. இரண்டும் வேதியியல்படி ஒன்றேபோல் நடந்துகொள்பவை; எடையில் இருக்கும் சிறிய வித்தியாசத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். டன் கணக்கில் தேவைப்படும் என்று பலர் நம்பிக்கொண்டிருந்தபோது, சில கிலோவே போதும் என்று 1940 மார்ச்சில் பர்மிங்காமில் இருந்து எழுதியவர்கள் அதே ஃபிரிஷும் ருடால்ஃப் பையர்ல்ஸும். சிகாகோவில் 1942 டிசம்பர் 2 அன்று என்ரிகோ ஃபெர்மி கிராஃபைட் கட்டிகளை அடுக்கி உலகின் முதல் அணு உலையை இயக்கிக் காட்டினார். அது தந்த திறன் அரை வாட். கைவிளக்கு ஒன்றுக்குக்கூடப் போதாது.

அதன் பிறகு நடந்தது தொழிற்சாலைக் கதை. தளபதி லெஸ்லி குரோவ்ஸ் தலைமையில் டென்னசியில் ஓக் ரிட்ஜ், வாஷிங்டன் மாநிலத்தில் ஹான்ஃபோர்ட், நியூ மெக்சிகோவில் லாஸ் அலமோஸ் என்று மூன்று ரகசிய ஊர்கள் எழுந்தன. சுமார் 200 கோடி டாலர், உச்ச நேரத்தில் ஏறத்தாழ 1,30,000 பேர். போரில் செம்பு கிடைக்காததால் மின்காந்தச் சுருள்களுக்காக அமெரிக்கக் கருவூலத்திலிருந்து 13,000 டன்னுக்கும் மேல் வெள்ளியைக் கடன் வாங்கினார்கள். ஓக் ரிட்ஜில் அந்தக் கருவிகளின் முன் உட்கார்ந்து முள்ளைச் சரிபார்த்தவர்கள் பள்ளிப்படிப்பு முடித்த இளம்பெண்கள். என்ன தயாரிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. யுரேனியத்தின் பெரும்பங்கு பெல்ஜியத்தின் பிடியில் இருந்த காங்கோவின் ஷிங்கொலோப்வே சுரங்கத்திலிருந்து வந்தது. அங்கே தோண்டிய ஆப்பிரிக்கத் தொழிலாளர்களின் பெயர்கள் எந்த நினைவுச் சின்னத்திலும் இல்லை.

ஹிட்லரிடம் அணுகுண்டு இருந்ததா?

இல்லை. இயற்பியலாளர் ஹைசன்பெர்க் போன்றோர் ஆய்வு செய்தார்கள், ஆனால் ஜெர்மனி பெரிய தொழில் முயற்சியாக இதை எடுத்துக்கொள்ளவே இல்லை. 1944 நவம்பரில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் கைப்பற்றிய காகிதங்களிலிருந்து அமெரிக்கர்களுக்கு இது தெரிந்துவிட்டது.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். ஹிட்லருக்குப் பயந்து தொடங்கிய வேலை அது. அந்தப் பயம் போன பிறகு வேலை ஏன் நிற்கவில்லை? போலந்துக்காரரான ஜோசப் ராட்பிளாட் அந்த ஆண்டு முடிவில் லாஸ் அலமோஸை விட்டு வெளியேறினார். ஜெர்மனியிடம் குண்டு இல்லை என்றால் தனக்கு இங்கே வேலை இல்லை என்பது அவர் கணக்கு. அந்தக் காரணத்துக்காக அங்கிருந்து கிளம்பிய விஞ்ஞானி அவர் ஒருவர்தான். பின்னாளில், 1995-இல், அமைதிக்கான நோபல் பெற்றார். மற்றவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. கையில் எடுத்த கணக்கு விடை தரப்போகும் நேரத்தில் எழுந்துபோவது கடினம். இயற்பியல் படித்த யாருக்கும் அது புரியும்.

இரண்டு ஊரிலும் விழுந்தது ஒரே மாதிரிக் குண்டா?

இல்லை. ஹிரோஷிமாவில் விழுந்தது யுரேனியக் குண்டு. அதில் இருந்த சுமார் 64 கிலோவில் பிளவுபட்டது ஒரு கிலோவுக்கும் குறைவு; அதுவே 15,000 டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். நாகசாகியில் விழுந்தது ஹான்ஃபோர்ட் உலைகளில் உருவான புளூட்டோனியம், சுமார் 6 கிலோ. அதைச் சுற்றிலும் வெடிமருந்து வைத்து எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நொடியில் உள்நோக்கி நெருக்க வேண்டும். சிக்கலான அமைப்பு என்பதால் முன்கூட்டியே சோதித்துப் பார்த்தார்கள். யுரேனியக் குண்டைச் சோதிக்கவே இல்லை. முதல் சோதனையே ஹிரோஷிமாதான்.

சோதனை வெடிப்பைப் பார்த்து லாஸ் அலமோஸ் ஆய்வகத் தலைவர் ஓப்பன்ஹைமர், 'உலகங்களை அழிக்கும் மரணமாகிவிட்டேன்' என்ற கீதை வரியைச் சொன்னாராமே?

வாய்விட்டுச் சொன்னதாக அன்று கூட இருந்தவர்கள் பதிவு செய்யவில்லை. சோதனை நடந்தது நியூ மெக்சிகோ பாலைவனத்தில், 1945 ஜூலை 16, விடிகாலை 5.29. தன் அண்ணன் "வேலை செய்துவிட்டது" என்ற பொருளில் ஏதோ சொன்னதாகத்தான் தம்பி ஃபிராங்க் நினைவுகூர்ந்தார். அந்த வரி மனதில் ஓடியதாக ஓப்பன்ஹைமர் 1965-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்ன காட்சிதான் இன்று எல்லோரும் பார்ப்பது. அவர் பெர்க்லியில் ஆர்தர் ரைடரிடம் சமஸ்கிருதம் படித்தவர். பதினோராம் அத்தியாயம், 32-ஆம் சுலோகம். மூலத்தில் உள்ள சொல் "கால". ஆங்கிலத்தில் அவர் அதை மரணம் என்று எடுத்துக்கொண்டார். நமக்கு இதில் குழப்பமே வராது. காலம், காலன் இரண்டும் நம் நாக்கில் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கின்றன.

சோதனை நடந்தது ஆள் இல்லாத பாலைவனம்தானே?

அப்படித்தான் சொன்னார்கள். சுற்றுவட்டாரத்தில் பண்ணைகளும் சிற்றூர்களும் இருந்தன. யாரையும் முன்கூட்டி வெளியேற்றவில்லை. வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துவிட்டது என்று ராணுவம் செய்தி கொடுத்தது. மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்த குடும்பங்களின் மேல் கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. அமெரிக்க அரசின் இழப்பீட்டுச் சட்டம் 1990-இல் வந்தும் இந்த நியூ மெக்சிகோ மக்களை அதில் சேர்க்க 2025 வரை ஆயிற்று. முதல் அணுகுண்டு வெடித்தது அமெரிக்கர்களின் சொந்த மண்ணில், அதுவும் ஏழைகளின் வீட்டோரத்தில் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம்.

குண்டு போடலாம் என்று முடிவு செய்தது யார்? ட்ரூமனா?

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் கேள்வி இது. பொறுப்பு ட்ரூமனுடையது, அதில் ஐயமில்லை. ஆனால் மேசையைச் சுற்றி உட்கார்ந்து "போடலாமா, வேண்டாமா" என்று விவாதித்துத் தீர்மானித்த ஒரு நாளைத் தேடினால் கிடைக்காது.

ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று இறந்தார். துணை அதிபராக இருந்து அதிபரான ட்ரூமனுக்கு இந்தத் திட்டத்தின் முழு விவரம் ஏப்ரல் 25 அன்றுதான் சொல்லப்பட்டது. அப்போதே குண்டு ஏறக்குறைய தயார். இலக்குகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவும் இரண்டு நாளில் கூடியது. எங்கே போடுவது, எப்படிப் போடுவது என்றுதான் பேச்சு நடந்தது. ட்ரூமனின் முடிவு என்பது ஏற்கெனவே போட்டிருந்த திட்டத்தைக் கலைக்காமல் விட்டதுதான் என்ற பொருளில் குரோவ்ஸே பின்னர் எழுதினார்.

எதிர்க்குரல்கள் இருந்தன. ஜேம்ஸ் ஃபிராங்க் தலைமையில் சிகாகோ விஞ்ஞானிகள் ஜூன் மாதம் ஓர் அறிக்கை கொடுத்தார்கள்: ஆள் இல்லாத இடத்தில் வெடித்துக் காட்டுங்கள், முன்னறிவிப்பின்றி ஊர்மேல் போட்டால் ஆயுதப் போட்டியைத் தடுக்கவே முடியாது. ஓப்பன்ஹைமர், ஃபெர்மி உள்ளிட்ட நால்வர் குழு, வெறும் செய்முறைக் காட்சியால் போர் முடியும் என்று தோன்றவில்லை என்று ஜூன் 16 அன்று பதில் எழுதியது. கடைசியாக சிலார்ட். தொடங்கி வைத்தவரே தடுக்கவும் ஓடினார். ஜூலை 17 தேதியிட்ட அவருடைய மனுவில் 70 பேர் கையெழுத்திட்டார்கள். அது மேலே போய்ச்சேருவதற்குள் நாள்கள் ஓடிவிட்டன, ட்ரூமன் பார்க்கவில்லை. 1939-இல் ஒரு கடிதம் அதிபர் கைக்குப் போனது, 1945-இல் ஒரு மனு போகவில்லை. எனக்கு இந்தக் கதை முழுவதும் அந்த இரண்டு காகிதங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

ஏன் ஹிரோஷிமா?

அங்கே ராணுவத் தலைமையகம் இருந்தது, வீரர்களைக் கப்பலேற்றும் உஜினா துறைமுகம் இருந்தது. அதோடு, அதுவரை பெரிய குண்டுவீச்சுக்கு ஆளாகாத ஊர். புதிய ஆயுதத்தின் சேதத்தைத் தெளிவாக அளக்கலாம். இதை மறைக்காமல் இலக்குக் குழுவின் குறிப்புகளிலேயே எழுதியிருக்கிறார்கள். முதல் இடத்தில் இருந்த ஊர் கியோட்டோ. போர்த்துறை அமைச்சர் ஸ்டிம்சன் அந்த ஊரை நேரில் பார்த்தவர். அதன் கோயில்களுக்காகவும் ஜப்பானியரின் தீராத பகைக்கு அஞ்சியும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். அந்தப் பட்டியலில் நாகசாகி வந்து சேர்ந்தது அதன் பிறகு.

ஆகஸ்ட் 6 காலை என்ன நடந்தது?

காலை ஏழு மணி கடந்ததும் ஒரு விமானம் தெரிந்து சங்கு ஊதியது. வானிலை பார்க்க வந்த விமானம் அது. 7.31-க்கு அபாயம் நீங்கியதாக அறிவித்தார்கள். மக்கள் பதுங்கிடம் விட்டு வெளியே வந்து வேலையைப் பார்க்கப் போனார்கள். பசிபிக் கடலின் டினியன் தீவிலிருந்து பால் டிபெட்ஸ் ஓட்டிவந்த எனோலா கே விமானம் 8.15-க்குக் குண்டை விட்டது. முக்கால் நிமிடம் கீழே இறங்கி, சுமார் 600 மீட்டர் உயரத்தில், ஒரு மருத்துவமனையின் தலைக்கு மேல் வெடித்தது.

நகர நடுவில் அந்நேரம் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்து வெட்டவெளி உண்டாக்கும் வேலைக்கு 12, 13 வயதுப் பிள்ளைகளை அனுப்பியிருந்தார்கள். அந்த வேலையில் இருந்தவர்களில் ஏறத்தாழ 6,000 பேர் இறந்தார்கள். ஹிரோஷிமா அருங்காட்சியகத்தில் ஒரு டிபன் பாக்ஸ் இருக்கிறது. உள்ளே இருந்த சோறு கரிக்கட்டியாகி ஒட்டிக்கிடக்கிறது. மகனைத் தேடி வந்த தாய், உடலுக்கு அடியில் கிடந்த அந்தப் பாத்திரத்தை வைத்துத்தான் மகனை அடையாளம் கண்டார். அதில் சோறு வைத்துக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான்.

மருத்துவர்களிலும் செவிலியர்களிலும் பத்துக்கு ஒன்பது பேர் இறந்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். சற்று நேரத்தில் கருப்பு மழை பெய்தது. தாகத்தில் வாய் திறந்து அதைக் குடித்தவர்கள் உண்டு. செய்தித்தாள் படப்பிடிப்பாளர் யோஷிதோ மட்சுஷிகே மியுகி பாலத்தருகே காமிராவோடு நின்றார். வெந்து தோல் உரிந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்து இருபது நிமிடம் விரலை அழுத்த முடியவில்லை. அன்று முழுவதும் அவர் எடுத்தவற்றில் மிஞ்சியவை ஐந்தே படங்கள்.

மக்களுக்கு முன்னெச்சரிக்கை கொடுத்தார்களா?

அணுகுண்டு என்று சொல்லி யாரையும் எச்சரிக்கவில்லை. ஜூலை 26 அன்று நேச நாடுகள் வெளியிட்ட போட்ஸ்டாம் அறிக்கை, சரணடையாவிட்டால் பேரழிவு என்று பொதுவாகச் சொன்னது. அணுகுண்டைக் குறிப்பிடும் துண்டறிக்கைகள் ஹிரோஷிமாவுக்குப் பிறகு அச்சிட்டவை. அவை நாகசாகிக்கு வந்தபோது அந்த ஊர் எரிந்து முடிந்திருந்தது.

மூன்றே நாளில் நாகசாகி ஏன்?

ஜப்பான் என்ன பதில் சொல்கிறது என்று காத்திருக்கும் ஏற்பாடே கிடையாது. குண்டுகள் தயாராகத் தயாராகப் போடலாம் என்று ஜூலை 25 ஆணையிலேயே இருந்தது. ஆகஸ்ட் 11 என்று வைத்திருந்ததை, வானிலை கெடும் என்பதால் 9-க்கு முன்னுக்கு இழுத்தார்கள். விமானம் முதலில் போனது கொக்குராவுக்கு. மேகமும் புகையும் மறைத்ததால் மூன்று முறை சுற்றியும் இலக்கு தெரியவில்லை. எரிபொருள் குறைந்துகொண்டிருக்க விமானம் நாகசாகிக்குத் திரும்பியது; 11.02-க்குக் குண்டு, குறித்த இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தள்ளி உராகாமி பள்ளத்தாக்கின் மேல் வெடித்தது. கொக்குரா மக்கள் தாங்கள் தப்பியதை அறியாமலே அன்று மதிய உணவு உண்டார்கள்.

உராகாமி ஜப்பானியக் கத்தோலிக்கர்களின் ஊர். 1549-இல் சவேரியார் ஜப்பானில் விதைத்த சமயம் அது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நம் முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே பணி செய்த அதே சவேரியார். இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் தடைக்கு அஞ்சி மறைவாகக் காப்பாற்றிய நம்பிக்கையை வெளியே சொல்லத் துணிந்து, செங்கல் செங்கலாகக் கட்டிய பேராலயம் நொடியில் இடிந்தது. அந்தப் பேராலயத்தைச் சேர்ந்த 12,000 பேரில் சுமார் 8,500 பேர் மாண்டார்கள்.

அடுத்த நாள், தன் நேரடி ஆணை இல்லாமல் இனி ஒன்றும் போடக் கூடாது என்று ட்ரூமன் உத்தரவிட்டார். இன்னொரு லட்சம் பேரைக் கொல்வது, அதுவும் குழந்தைகளை, தாங்க முடியாத நினைப்பு என்று அவர் அமைச்சரவையில் சொன்னதாக ஹென்றி வாலஸ் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நிறுத்த முடியும் என்பதற்கு அந்த உத்தரவே சாட்சி.

குண்டால்தான் ஜப்பான் சரணடைந்ததா?

குண்டும் ஒரு காரணம். ஆகஸ்ட் 9 விடிவதற்குள் சோவியத் படைகள் மஞ்சூரியாவுக்குள் நுழைந்துவிட்டன. மாஸ்கோ நடுவில் நின்று சமரசம் செய்யும் என்ற டோக்கியோவின் கடைசி நம்பிக்கை உடைந்தது. அன்று ஜப்பானின் ஆறு பேர் கொண்ட போர்க்குழு மூன்றுக்கு மூன்று என்று பிளந்து நின்றபோதுதான் நாகசாகிச் செய்தி வந்தது. அப்போதும் அவர்கள் ஒத்துப்போகவில்லை. நள்ளிரவில் பேரரசர் தலையிட்டார். ஆகஸ்ட் 15 வானொலி உரையில் அவர் கொடிய புதுக் குண்டைச் சொன்னார். இரண்டு நாள் கழித்துப் படைவீரர்களுக்குப் பிறப்பித்த ஆணையில் சோவியத் வருகையைச் சொன்னார், குண்டைச் சொல்லவில்லை. வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எதையும் தனித்தனியே பிரித்து எடைபோட முடியாது என்பது என் கருத்து.

ஜப்பான் ராணுவம் நம்மவர்களைக் கொன்றதே? இதற்கு ஏன் இரங்க வேண்டும்?

கோபம் நியாயமானது. சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்துத் திரும்பாதவர்களின் வீடுகள் இன்றும் மலேசியாவில் உண்டு. போர் முடிந்த நாள் அவர்களுக்கு விடுதலை நாள். அதை யாரும் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது.

ஆனால் அந்தப் பாதையைப் போட ஆணையிட்டவர்கள் ஹிரோஷிமாவின் வீடிடிப்பு வேலையில் இல்லை. அங்கே இருந்தது ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். கொரியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களும், கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்களும் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். சிறைப்பட்டிருந்த அமெரிக்க வீரர்கள் பன்னிருவரும், மலாயாவிலிருந்து படிக்க வந்திருந்த மாணவர்கள் இருவரும்கூட அந்தக் குண்டுக்குப் பலியானார்கள்.

இப்போதும் அங்கே கதிர்வீச்சு இருக்கிறதா?

இல்லை, இயல்பான அளவுதான். காற்றில் உயரத்தில் வெடித்ததாலும், உண்டான கதிரியக்கப் பொருள்களில் பெரும்பாலானவை விரைவில் சிதைபவை என்பதாலும் தரையில் நெடுங்காலம் தங்கவில்லை. எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் புல்கூட முளைக்காது என்று வதந்தி இருந்தது. மூன்றாம் நாளே ஒரு பகுதியில் டிராம் ஓடியது. சாம்பலில் முதலில் பூத்த செடிகளில் ஒன்று அரளி. அதுவே இன்று ஹிரோஷிமா நகரின் மலர்.

பிழைத்தவர்கள் என்ன ஆனார்கள்?

அவர்களை ஹிபாகுஷா என்பார்கள். வெளிக்காயம் இல்லாதவர்களுக்கும் சில வாரங்களில் முடி கொட்டியது, ஈறில் ரத்தம் கசிந்தது. கதிர்வீச்சு நோய் பற்றி வெளியான செய்திகளை அமெரிக்க அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள்; ஆக்கிரமிப்புத் தணிக்கை 1949 வரை ஜப்பானியர்களையே எழுதவிடவில்லை. 1947-இல் அமெரிக்கா ஒரு மருத்துவ ஆய்வு நிலையம் திறந்தது; அங்கே சோதித்துக் குறிப்பெடுத்தார்கள், சிகிச்சை தரவில்லை. சில ஆண்டுகளில் ரத்தப் புற்றுநோய் கூடியது. பெண் கொடுக்கவும் எடுக்கவும் பயந்தார்கள். பலர் தாங்கள் எந்த ஊர் என்பதையே மறைத்து வாழ்ந்தார்கள். ட்சுடோமு யமகுச்சி என்பவர் வேலையாக ஹிரோஷிமா போய்க் காயப்பட்டு, சொந்த ஊரான நாகசாகிக்குத் திரும்பி, அங்கேயும் குண்டைப் பார்த்தார். 93 வயதுவரை இருந்தார். பிழைத்தவர்கள் 1956-இல் தொடங்கிய நிஹோன் ஹிடாங்க்யோ அமைப்புக்கு 2024-இல் அமைதி நோபல் கிடைத்தது.

மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள்?

1945 முடிவுக்குள் ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000, நாகசாகியில் சுமார் 74,000 என்பது அந்த நகரங்களின் மதிப்பீடு. முழுக் குடும்பமும் இறந்த வீடுகளில் கணக்குக் கொடுக்க ஆள் இல்லை, ஆவணங்களும் எரிந்துபோயின. அதனால் இவை மதிப்பீடுகளே.

ஹிரோஷிமா நினைவிடத்தின் கல்பெட்டிக்குள் இறந்தவர்களின் பெயரேடுகள் இருக்கின்றன. குண்டுக்கு ஆளாகிப் பிற்காலத்தில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வோர் ஆகஸ்ட் 6 அன்றும் அதில் சேர்க்கிறார்கள். எண்ணிக்கை 3,40,000-ஐத் தாண்டிவிட்டது. ஈரம் ஏறாமல் இருக்க, ஆண்டுக்கு ஒருமுறை ஏடுகளை வெளியே எடுத்துப் பக்கம் பக்கமாகக் காற்றாட விடுவார்கள். அவற்றில் ஓர் ஏட்டில் பெயர்களே இல்லை. பெயர் தெரியாதவர்கள் பலர் என்று மட்டும் குறித்து வைத்திருக்கிறார்கள். அதன் பக்கங்களையும் மற்றவற்றைப் போலவே ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார்கள்.